ஏ40: எங்கட ஊரின் மண்ணெண்ணெய்க் கார்

போன ஆவணியில் எங்கட ஒழுங்கைக்குக் கார் பார்க்க ரெண்டு பேர் வந்தவை. கொழும்பிலிருந்து, பழைய கார் சேர்க்கிற ஆக்கள். பண்டத்தரிப்புச் சந்தியில் முப்பது வருசத்துக்கு மேல் வாடகைக்கு ஓடி, இப்போது பத்திக்குள் காற்றுப்போன ரயரோடு நிற்கிற ஒஸ்ரின் ஏ40 சோமசெற்தான் அவை தேடி வந்த கார். பொனற்றைத் திறந்தார்கள். காபரேற்றருக்குப் பக்கத்தில் மஞ்சளாகிப்போன சேலைன் குழாய் ஒன்று, கம்பியால் கட்டின போத்தல் ஒன்று, சின்னப் பித்தளைப் பைப் ஒன்று. "இந்தக் குப்பையெல்லாம் கழற்றிப் போட்டு ஒரிஜினல் ஆக்கிடலாம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். காரின் சொந்தக்கார ஐயா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. இந்தக் காருக்கு ஒரிஜினல் எது?

அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

வருசத்துக்கு ஒரு மாடல் விடுவது அமெரிக்காக்காரர் பிடித்த பழக்கம். 1920களில் ஜெனரல் மோட்டர்ஸை நடத்திய அல்பிரட் சுலோன் அதை ஒரு வியாபார முறையாகவே ஆக்கினார். இயந்திரம் அதேதான், உடுப்பு மட்டும் புதுசு. பக்கத்து வீட்டுக்காரனிடம் இந்த வருச மாடல் நின்றால் போன வருசக் காரில் ஏற வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான் விசயம். இங்கிலாந்துக்காரரிடம் அந்த அவசரம் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து நாடு கடனில் கிடந்தது. ஏற்றுமதி செய்து டொலர் உழைக்க வேண்டியிருந்தது. பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் லோங்பிறிஜில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை 1947 இல் ஏ40 டெவனை வெளியே விட்டது அந்தத் தேவைக்குத்தான். 1200 சீசீ இயந்திரம், 40 குதிரை வலு. பெயரில் இருக்கிற நாற்பது அதுதான். அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறியது, இலங்கைக்கும் வந்தது.

1952 இல் சோமசெற். எங்கட ஒழுங்கையில் நிற்பது இந்த இனம். இயந்திரம் கிட்டத்தட்ட டெவனுடையது, வலு 42 ஆகக் கொஞ்சம் ஏறியது. உடம்புதான் மாறினது. மடித்து வைத்த தலையணை மாதிரி உருண்டை, பொனற்றின் நுனியில் பறக்கிற 'ஏ' எழுத்து, கியர்த்தடி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில். திரும்பப் போகும்போது கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணிலிருந்து ஒரு சின்னக் கை எழும்பி வரும். சின்ன வயசில் அந்தக் கையைப் பார்க்கவே நாங்கள் பின்னால் ஓடியிருக்கிறோம். இரண்டே வருசத்தில் 1,73,000க்கு மேல் செய்து முடித்துவிட்டு 1954 இல் நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு கேம்பிறிஜ் என்ற பெயரில் ஏ40, ஏ50. 1957 இல் ஏ55. 1959 இல் வந்த ஏ55 இரண்டாம் மார்க்கைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. இத்தாலியப் பரீனா வரைந்த பெட்டி உடம்பு, பின்பக்கம் ரெண்டு வால் செட்டை. அமெரிக்காவில் அந்த வருசம்தான் கடிலாக்கின் செட்டை ஆக உயரத்துக்குப் போனது. லோங்பிறிஜும் அளவாக ஒட்டிப் பார்த்தது. அதே உடம்பை மொறிஸ், எம்ஜீ, வூல்ஸ்லி, றைலி எனவும் பெயர் மாற்றி விற்றார்கள். 1961 இல் ஏ60 வரும்போது செட்டையைக் குறுக்கிவிட்டார்கள், இயந்திரம் 1622 சீசீ ஆகிவிட்டது. 1969 வரை அது ஓடியது. (பண்டத்தரிப்புக்கு அமெரிக்கா புதுசில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். 1820 இலேயே ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் எங்கட ஊரில் இருந்து வைத்தியம் பார்த்தவர். வேலூர் சீஎம்சீ ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர் அவரின் பேத்தி.)

இந்த வரிசையை யாழ்ப்பாணத்தில் உடம்பை வைத்து மட்டுமில்லை, இலக்கத்தகட்டை வைத்தும் பிரிக்கலாம். சோமசெற் காலத்துக் கார்களில் ஆங்கில எழுத்து. 1957 இல் அரசாங்கம் தகட்டில் சிங்கள ஸ்ரீயைக் கொண்டுவந்தது. தமிழரசுக் கட்சிக்காரர் தமிழில் ஸ்ரீ எழுதிக் காரோட்டினார்கள். 1958 இல் வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருசம் மே மாதத்தில் கலவரம். ஏ55 இலிருந்து ஏ60 வரை வந்த மாடல்கள் எல்லாம் அந்த எழுத்தைச் சுமந்துகொண்டுதான் எங்கட வீதிகளில் ஓடினவை.

அறுபதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, 1970க்குப் பிறகு இன்னும் இறுகியது. புதுக் கார் வராது, அதால் பழசை விடேலாது. இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போட்டை எடுத்து அம்பாசிடர் ஆக்கி 2014 வரைக்கும் புதுசு புதுசாகச் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தொழிற்சாலை இல்லை, கராச் இருந்தது. உடைந்த சாமானைக் கடைந்து, ஒட்டி, இன்னொரு காரிலிருந்து கழற்றி ஓட்டினோம். எங்கட ஐயா இந்தக் காரைப் பழசாக வாங்கினதே 1968 இல்.

1977 இல் கதவு திறந்ததும் ஜப்பான் கார்கள் வந்தன. இதில் ஒரு பகிடி இருக்கு. 1952 இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் போட்டு நிசான் முதலில் ஜப்பானில் பூட்டினது இதே சோமசெற்றைத்தான். பிறகு 1959 வரைக்கும் கேம்பிறிஜ் ஏ50. அந்த இயந்திரத்தைச் சுருக்கி எடுத்ததுதான் ஆரம்ப காலப் புளூபேர்ட்டுக்குள் போனது. ஆக, எண்பதுகளில் சந்தியில் ஏ40ஐப் பார்த்துச் சிரித்த டட்சன், ஒரு வகையில் அதன் பேரப்பிள்ளை.

சிரிப்பு 1990 யூன் வரைக்கும்தான். போர் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போனது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளந்து. அப்போதுதான் மாடல் வரிசை தலைகீழாகியது.

காரணம் சுலபம். பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் விசயம் இருக்கு. சோமசெற்றில் அது 7.2க்கு 1. ஏ60இல் 8.3க்கு 1. எண்பதுகளின் ஜப்பான் காரில் ஒன்பதுக்குக் கிட்ட. அழுத்தம் கூடினால் வலுவும் கூடும், எண்ணெயும் மிச்சம். அதைத்தான் ஒவ்வொரு புது மாடலிலும் முன்னேற்றம் எண்டு விற்றார்கள். ஆனால் மண்ணெண்ணெய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நேரத்துக்கு முதலே வெடித்து, இயந்திரம் சுத்தியலால் அடிக்கிற மாதிரித் தட்டும். பழைய சோமசெற் முனகும், புகைக்கும், ஆனால் ஓடும்.

குளிர் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதால்தான் அந்தப் போத்தல். அதற்குள் கொஞ்சம் பெற்றோல், குழாய் வழியாகக் காபரேற்றருக்கு. அதில் ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடானதும் பைப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது எங்கட கண்டுபிடிப்பு எண்டு பெருமைப்படுகிற ஆக்கள் நிறையப் பேர். முழுக்க அப்படியில்லை. 1940களின் இங்கிலாந்தில் பேர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை இதே முறையில் ரெண்டு தாங்கியோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. எங்களிடம் அந்தத் தொழிற்சாலைச் சாமான் இல்லை. ஆஸ்பத்திரிக் குழாயும் மருந்துப் போத்தலும் இருந்தது.

"தம்பி, பெற்றோல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு இருந்தாக் காணும், ஒரு கிழமை ஓடுவன்" எண்டார் ஐயா. "பிளக்கைத்தான் நெடுகக் கழற்றித் துடைக்கோணும். ஒயிலுக்குள்ள எண்ணெய் இறங்கித் தண்ணி மாதிரிப் போயிடும். அதையும் பார்க்கோணும். பிள்ளைப்பெறுவுக்கு ஆரும் ராவில வந்து தட்டினா முதல் கேக்கிறது 'ஐயா, போத்திலுக்க இருக்கோ' எண்டுதான்."

1995 யூலையில் 'முன்னேறிப் பாய்ச்சல்' தொடங்கியபோது அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கொக்குவிலுக்குப் போனார். ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவரின் வயசுபோன தாயும், பக்கத்து வீட்டு நோயாளி ஒருவரும், நாலு பிள்ளைகளும் அந்தக் காருக்குள். சனத்துக்குள் காரை ஓட்டேலாது, சனத்தோடு உருட்டத்தான் ஏலும். மெல்லப் போனால் பிளக் கரி பிடிக்கும். நிற்பாட்டினால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும். போத்தலில் இருந்தது ரெண்டு தரத்துக்குக் காணும். நாவற்குழிப் பாலம் வரை அவர் ஒருதரமும் இயந்திரத்தை நிற்பாட்டவில்லையாம். றேடியேற்றர் கொதித்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் மருமகன் சட்டையைக் கழற்றி நனைத்துப் பிழிந்து பிழிந்து ஊற்றினார்.

அந்தப் பைப்பைத்தான் வந்தவர் குப்பை என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவரிடம் 1952 ஆம் ஆண்டுக் கையேடு இருக்கு, அதில் இந்தச் சாமான் இல்லை. என்ர எண்ணம் வேறு: டெவன், சோமசெற், கேம்பிறிஜ் எண்டு எழுதுகிற வரிசையில் லோங்பிறிஜ் செய்யாத ஒரு மாடலும் இருக்கு. அதை 1990 இல் எங்கட கராச்சுகளில் செய்தார்கள். 2002 இல் ஏ9 திறந்த பிறகு அவை ஒவ்வொன்றாகத் தெற்குக்குப் போய், பளபளவெண்டு கலியாணக் கார் ஆகிவிட்டன, குழாயில்லாமல். உங்கட வீட்டிலோ ஒழுங்கையிலோ இப்படி ஒன்று நின்றால், விற்க முதல் பொனற்றைத் திறந்து ஒரு படமாவது எடுத்து வையுங்கோ. எந்தக் கராச்சில் பூட்டினது எண்டும் கேட்டு எழுதுங்கோ.

ஐயா விற்கத்தான் போகிறார். முழங்கால் ஒப்பரேசனுக்குக் காசு வேணும். குழாயோடு எடுத்தால் ஒரு விலை, கழற்றிவிட்டு எடுத்தால் இன்னொரு விலை எண்டு சொல்லப் போகிறாராம். எது கூட எண்டு கேட்டேன். "அவை வரட்டும், பாப்பம்" எண்டார்.