மானாமதுரைக் கடமும் அதன் பயணமும்

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் நெடுஞ்சாலையில், நாகம்போல் நீண்டு கிடக்கும் குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் மாணவர் நடமாட்டம் மிகுந்த இடம் அது. அங்கிருந்து புறப்பட்டு, மதுரையைக் கடந்து, வைகையின் போக்கிலே தென்கிழக்காகச் சென்றால் மானாமதுரையை அடையலாம். கருநாடக இசையரங்குகளில் நாம் கேட்கும் கடம் என்னும் மண் வாத்தியத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கு உருவான கடம் வாசிப்பவர் மடிக்கு எப்படிச் சென்று சேர்கிறது என்பதையே இன்று ஆராயப் புகுகிறோம்.

குடத்தை முழக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. குடமுழா என்னும் கருவியைத் தேவாரம் குறிப்பிடுகிறது. திருவாரூர்க் கோயிலில் இன்றும் காணப்படும் ஐம்முக முழவம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது உலோகத்தால் ஆனது, கைதவறினாலும் உடையாது. மண் கடத்தின் நிலை வேறு. தேர்ந்த களிமண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, உட்புறத்தே ஒரு கல்லைத் தாங்கலாக வைத்து, வெளிப்புறத்தே மரப்பலகையால் மீண்டும் மீண்டும் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குகிறார்கள். பின்பு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். மானாமதுரைக் கடம் மற்ற ஊர்க் கடங்களைவிடக் கனமும் தடிப்பும் மிக்கது. தண்ணீர்க் குடம்போல் எளிதில் நொறுங்காது என்றாலும், அதன் ஒலியைக் கெடுப்பதற்கு அது நொறுங்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை விரிசல் போதும். கணீரென்ற நாதம் போய்ச் செத்த ஓசைதான் எழும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். சூளையிலிருந்து வெளிவந்த கடத்தின் சுருதியோ ஏறக்குறைய முடிந்த முடிவு. ஆகவே வாசிப்பவர் இத்தனை கட்டைச் சுருதியில் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்குகிறார். சுடும்போது மண் சுருங்குவதால், வேண்டிய சுருதி அமையப் பல கடங்களைச் செய்து பார்க்க நேரிடும். இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த ஒன்று வழியில் விரிசல் கண்டால், அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்க இயலுமா? குயவர் குடும்பம் ஒன்றின் பல நாள் உழைப்பு பாழாகிறது. கடைக்காரரின் வாக்கும் பொய்யாகிறது.

மண்பாண்டங்களைத் தொலைவுக்கு அனுப்பும் கலை வைகைக் கரைக்குப் பழக்கமானதே. 2015ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கிய கீழடி, மதுரைக்கும் மானாமதுரைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியிலேயே உள்ளது. வைகை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த அழகன்குளத்தில், உரோமானியரின் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. அச்சாடிகளின் அடிப்பாகம் கூராக இருக்கும். மேசைமேல் நிறுத்த முடியாத இக்கோணல் வடிவம் எதற்கு என்று வியப்புத் தோன்றலாம். கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே அடுத்த வரிசையின் கூர்முனைகளைச் செருகி, அசையாமல் அடுக்குவதற்கு அது உதவிற்று. பாண்டமே தன் பயணத்துக்கு ஏற்ப வடிவம் கொண்டது. கடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. உருண்ட வயிறும் குறுகிய வாயும் அதன் நாதத்துக்கு வேண்டும். பாதுகாப்பை வெளியிலிருந்துதான் தேட வேண்டும்.

நம் நாட்டில் அப்பாதுகாப்பை நெடுங்காலம் அளித்தது வைக்கோல். கேட்கச் சாதாரணமாகத் தோன்றினாலும், அதன் பின்னே நல்ல இயற்பியல் இருக்கிறது. வைக்கோல் தாள் உள்ளீடற்ற குழல். அதிர்ச்சி வந்தால் தான் நசுங்கி, அவ்விசையைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. வைக்கோலைப் பிரியாகத் திரித்துப் பானையின் வயிற்றைச் சுற்றினால், ஒரு பானை மற்றொன்றைத் தொடுவதில்லை. மோதல் என்பது பெரும்பாலும் பானைக்கும் வண்டிக்கும் இடையே நிகழ்வதன்று. பானைக்கும் பானைக்கும் இடையே நிகழ்வதே. மாட்டுவண்டிக் காலத்து மக்கள் இதை ஏட்டில் படித்து அறியவில்லை.

1902ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மானாமதுரை அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. பயணம் விரைவானது, ஆனால் புதிய ஆபத்தும் புகுந்தது. தென்னாட்டின் இப்பாதை மீட்டர் அகலம் கொண்டது. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ செல்லும் பாதைகள் அகலப்பாதைகள். ஆகவே வடக்கே போகும் பெட்டியை இடையில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஓடும் வண்டியைவிட இறக்கி ஏற்றும் கைகளே உடைபொருளுக்குப் பெரிய சோதனை. மதுரை இராமேசுவரம் பாதை அகலப்பாதையானது 2007ஆம் ஆண்டில்தான்.

நட்டம் யார் தலையில் விழுந்தது? இதற்கு 1890ஆம் ஆண்டு இந்திய இரயில்வே சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் அட்டவணை ஒன்று தனிக் கவனத்துக்குரிய பொருள்களை வரிசைப்படுத்துகிறது: பொன், வெள்ளி, முத்து, கடிகாரம், பட்டு இவற்றோடு இசைக்கருவிகளும் அதில் இடம்பெற்றன. அத்தகைய பொருளின் மதிப்பு 100 ரூபாய்க்கு மேற்பட்டால், அனுப்புவோர் அதை எழுத்தில் அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். இல்லையேல் இரயில்வே பொறுப்பேற்காது. தஞ்சாவூர் வீணைக்கு இவ்விதி பொருந்தலாம். சில ரூபாய் விலையுள்ள மண்கடத்துக்கு? அதற்குக் காத்திருந்தது ‘ரிஸ்க் நோட்டு’ என்னும் பொறுப்பு விலக்குச் சீட்டு. கட்டு குறைபாடுடையது என்று தோன்றினால் ஒருவகைச் சீட்டு. குறைந்த கட்டணத்தில் அனுப்ப விரும்பினால் மற்றொரு வகைச் சீட்டு. கையொப்பமிட்டவர் உடைந்த ஓடுகளுக்குத் தாமே உரிமையாளர்! 1961ஆம் ஆண்டுத் திருத்தம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது இரயில்வேயின் பொறுப்பு விரிந்தது. ஆயினும் கட்டின் குறைபாட்டால் நேரும் சேதம் பெரும்பாலும் அனுப்பியவரையே சார்ந்தது. ஏழைக் கைவினைஞரை நோக்க இது கடுமையான ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

மற்றக் கருவிகளின் தொல்லைகள் வேறு வகை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை; சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்தால் மெழுகு இளகும். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே பொதிய வேண்டும். தந்திகளைத் தளர்த்திவிட வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வெப்ப நாடுகளுக்குப் பியானோ அனுப்பியவர்கள், பெட்டியின் உட்புறத்தே துத்தநாகத் தகடு பொதிந்தனர். கடற்காற்றின் ஈரத்தால் வச்சிரப்பசை இளகிவிடும் என்ற அச்சமே காரணம். கடத்துக்கு ஈரத்தைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. அதிர்ச்சி ஒன்றே பகை.

மானாமதுரையின் கே. மீனாட்சி அவர்கள், இசைக்கருவி ஆக்கத்துக்காக 2014ஆம் ஆண்டின் சங்கீத நாடக அகாதெமி விருதைப் பெற்றார். 2023ஆம் ஆண்டில் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வைக்கோலோடு நெளிவட்டைப் பெட்டியும் நுரைப்பஞ்சும் இப்போது உதவிக்கு வந்துவிட்டன. பெட்டி வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய சோதனை மட்டும் மாறவில்லை. சந்தையில் பானை வாங்கும் மூதாட்டியைப்போலவே, கடைக்காரரும் கடத்தை வெளியே எடுத்துத் துடைத்து, காதருகே வைத்து, விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். அதன் பிறகே சரக்குச் சீட்டில் கையெழுத்திடுகிறார்.