பர்மா ஆயாவின் எஃப்.ஆர்.சி. அட்டை

எங்க ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. மதிய சாப்பாட்டு மேசையில் பத்து பேர் உட்கார்ந்தால் அதில் நாலு பேராவது கனடா பி.ஆர். பற்றிப் பேசுவார்கள். நானும் அந்த நாலு பேரில் ஒருத்தன்தான். எனக்கு வயசு 44. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கில் 30-ஐத் தாண்டியதும் வயசுக்கான மதிப்பெண் வருஷா வருஷம் குறையும், 45 ஆனதும் பூஜ்யம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், என் மனைவி பரணிலிருந்து அவளுடைய ஆயாவின் தகரப்பெட்டியை இறக்கினாள்.

ஆயா 2022-ல் தவறிவிட்டார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் "பர்மா ஆயா". 1939-ல் ரங்கூனில் பிறந்தவர். பெட்டியில் இரண்டு பட்டுப்புடவை, ஒரு லுங்கி (அவர் "லோன்ஜி" என்பார்), மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு அட்டை. புகைப்படம், கைரேகை, பர்மிய எழுத்து. பிறந்த இடம் ரங்கூன். நாட்டுரிமை: இந்தியன். பர்மாவில் வெளிநாட்டவர்களுக்குக் கொடுத்த பதிவுச் சான்றிதழ் இது. எஃப்.ஆர்.சி. என்பார்கள். பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர் என்று பதிவு செய்துகொண்டு, அதற்கு ஆண்டுதோறும் கட்டணமும் கட்டியிருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு விஷயம். ஆயாவின் அப்பா 1920-களில் ராமநாதபுரம் பக்கமிருந்து ரங்கூனுக்குப் போனபோது அவர் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை. 1885 போருக்குப் பின் முழு பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பல் ஏறினால் மூணு நாலு நாளில் ரங்கூன். இன்றைக்கு ஆவடியிலிருந்து டெல்லிக்கு வேலைக்குப் போகிற மாதிரி. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூனின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தெலுங்கர், தமிழர், வங்காளி, ஒடியா என்று எல்லோரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி மில்லில் வேலை பார்த்தவர்கள், கடை வைத்தவர்கள்.

1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. ஆயாவின் அப்பா எங்கேயும் நகரவில்லை, நாடுதான் அவர் காலுக்குக் கீழே நகர்ந்துவிட்டது.

பர்மியர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்ம ஆட்கள் எழுதும்போது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தது, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில், கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் கேட்டதென்னவோ வட்டியும் முதலும்தான், வந்ததோ நிலம். ஆனால் 1930-லும் 1938-லும் கலவரம் வந்தபோது அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும்.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. 4, 5 லட்சம் இந்தியர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள், பல்லாயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். அப்படித் திரும்பியவர்களில் வெ. சாமிநாத சர்மாவும் ஒருவர். அவருடைய 'பர்மா வழிநடைப் பயணம்' கிடைத்தால் விடாதீர்கள். ஆயாவின் குடும்பம் நடக்கவில்லை. மூணு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே நடப்பது என்று அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். 1948 ஜனவரி 4-ல் பர்மாவுக்குச் சுதந்திரம். அந்த அரசியல் சட்டத்தில் நம்ம ஆட்களுக்கும் ஒரு வாசல் இருந்தது: பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவராக இருந்து, 1942 ஜனவரி 1-க்கோ 1948 ஜனவரி 4-க்கோ முந்தைய பத்து வருஷத்தில் எட்டு வருஷமாவது பர்மாவில் வாழ்ந்து, தொடர்ந்து அங்கேயே வாழ நினைப்பவர் குடியுரிமை கேட்கலாம். ஆயாவின் அப்பாவுக்குத் தகுதி இருந்தது. மனு போடவில்லை. ஏன் என்று ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"நம்ம ஊர்ல இருக்கறதுக்கு நாம எதுக்கு மனு குடுக்கணும்னு அப்பா சொல்லுவார் மாப்ள. அப்புறம் குடுக்கலாம்னு பாத்தா அதுக்கு ஆயிரம் கேள்வி."

மனு போட்டவர்களிலும் பலருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனம் என்று எளிதாகத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

1962 மார்ச் 2-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை. மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. (2016 நவம்பரில் ஆவடி ஏ.டி.எம். வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளலாம். அதோடு கடையும் போய்விட்டது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.) அடுத்த சில வருஷங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மொத்தம் சுமார் 1.44 லட்சம். நகையைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற விட்டார்கள். ஆயா தன் தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறோடு சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு 25 வயசு, கையில் என் மாமியார்.

தாய்நாடு திரும்பியவர்கள் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினார்கள். முகாம், சின்னத் தொழிலுக்குக் கடன், அப்புறம் காலனி. வியாசர்பாடி பி.வி. காலனி, கடற்கரைச் சாலையின் பர்மா பஜார், 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கி எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகள்தான். ஆயாவின் கணவர் முதலில் தன் அப்பா பிறந்த கிராமத்துக்குத்தான் போனார். டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸில் டீ வந்தது. ரங்கூனிலும் சாதி இருந்தது, ஆனால் டீக்கடைக்குள் வரவில்லை என்பார் ஆயா. எட்டாவது நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்துக்கு உதவியாளாகச் சேர்ந்தார். என் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்தப் பட்டறை இருந்ததாம்.

அவருடைய அண்ணன் வேறு முடிவெடுத்தார். இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான்.

1960-களின் நடுவில், முகாம்களில் இருந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் பர்மாவுக்கே திரும்பிப் போகக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடையாது, விசா கிடையாது. அதனால் ரயில் ஏறி திமாப்பூர், அங்கிருந்து இம்பால், இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் எல்லை ஊர் மோரே. மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். 1942-ல் உயிர் பிழைக்க இந்தியா நோக்கி நடந்தவர்கள் வந்த தடங்களில் இதுவும் ஒன்று. அதே தடத்தில் இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். சொத்தையும் நகையையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய நாட்டுக்கு! அந்தப் பக்கம் தாமு. பர்மிய ராணுவம் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி தமிழ்நாட்டுக்கு வர மனசோ காசோ இல்லாதவர்கள் மோரேயிலேயே குடிசை போட்டார்கள்.

அந்தக் குடிசைகள்தான் பிறகு ஒரு தமிழ்ச் சிற்றூர் ஆனது. தமிழ்ச் சங்கம், இட்லிக் கடை, அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில். குக்கிகளும் மெய்தேய்களும் கடையில் தமிழ் பேசிய காலம் உண்டு. ஒரு கட்டத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1990-களின் குக்கி – நாகா மோதலுக்குப் பின் பலர் வெளியேறி, இப்போது சில ஆயிரம் பேர். 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தபோது அங்கே தமிழர் வீடுகளும் எரிந்தன.

பெரியவர் மோரேயிலேயே 1980-களில் இறந்துவிட்டார். அவர் எழுதிய ஒரு இன்லண்ட் லெட்டரை ஆயா எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். வீட்டு வாசலில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து மலை தெரிகிறது என்று எழுதியிருந்தார். நலமா, பணம் வேண்டுமா எதுவும் இல்லை.

2019-ல் நாங்கள் ஆயாவை ரங்கூனுக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டோம். ஈ-விசா எளிதாகக் கிடைத்த காலம். நான் ஹோட்டல், பகோடா என்று ஐந்து நாளுக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டேன். ஆயா பொறுமையாகக் கேட்டார்.

"அஞ்சு நாள் கழிச்சு?"

"திரும்பி வந்துடுவோம் ஆயா."

"நான் சுத்திப் பாக்கக் கேக்கல மாப்ள. ஊருக்குப் போகணும்னுதான் கேட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் கொரோனா, 2021 பிப்ரவரி 1-ல் அங்கே மறுபடி ராணுவ ஆட்சி. 55 வருஷத்துக்கு மேல் அம்பத்தூரில் வாழ்ந்தவர். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் இருந்தது. கடைசி மாதங்களில் வாழைத்தண்டு போட்ட மோங்கா சூப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

கனடா படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. எனக்கு அங்கே ஒரு ஊர் இருக்கிறதா, இல்லை இங்கே டிராஃபிக்கும் தண்ணி லாரியும் இல்லாத ஒரு இடம் மட்டும் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

அட்டையை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அந்த இன்லண்ட் லெட்டர் மட்டும் பெட்டியில் இல்லை. மாமியார் வீட்டு மாற்றத்தில் தொலைந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் பரணில் ஒருமுறை பாருங்கள். முகாம் அட்டை, கப்பல் சீட்டு, மோரேயிலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் சரி. காகிதம் எங்களுக்கு வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும்.