செப்புக்காசில் உறையும் தமிழ்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்ததாகச் செப்புக்காசு ஒன்றைக் கொணர்ந்து காட்டினாள். ஒரு புறம் அரிமாக்கள் இரண்டு தாங்கும் கும்பினிச் சின்னமும் 1808 என்னும் ஆண்டும். மறு புறம் பாரசீக எழுத்தும், அதன் கீழ் 'இருபது கேஷ்' என ஆங்கில எழுத்தும். "இதில் தமிழே இல்லையே அம்மா!" என்றாள். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருநாடக நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்கு மாறியது. அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களை உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளிச் சீமையும் அதனுள் அடங்கிற்று. சென்னை மாகாணக் கணக்கில் அந்நாளில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். வராகன் அரசுக் கணக்கிலும் பெருவணிகரிடத்தும் புழங்கிற்று. உப்புக்கும் எண்ணெய்க்கும் வழங்கியது செப்புக்காசே. 1818இல் வெள்ளி ரூபாய் மாகாணத்தின் அளவை நாணயமாயிற்று. 1835இல் கும்பினி ஆட்சி முழுமைக்கும் ஒரே நாணய முறை வகுக்கப்பட்டது. பழங்காசுகள் மெல்ல வழக்கொழிந்தன.

மாணவி காட்டிய காசு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இயந்திரத்தால் அடிக்கப்பட்டது. இவ்வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் அக்காசுகள் கடலினின்று பெருந்தொகையாய் மீட்கப்பட்டன. பாரசீக வாசகத்தின் பொருள் 'இருபது காசு நான்கு பலூசு' என்பது. உழவனும் நெசவாளியும் படிக்கவியலாத எழுத்து! ஆனால் அதே காலத்தில், 1807-08இல், சென்னை நாணயச்சாலை வெளியிட்ட வெள்ளிப் பணங்களில் ஆங்கிலம், பாரசீகத்தோடு தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன.

அப்படியாயின் செப்புக்காசில் தமிழ் இல்லையா? உண்டு, எழுத்தாக அன்று, சொல்லாக உண்டு. நாணயப் பெயராகிய 'கேஷ்', நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழியே ஆங்கிலத்துட் புகுந்து உருமாறியதே. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறு பிறப்புடையது. இங்ஙனமே டச்சுக்காரரின் 'டொய்ட்' நம் நாவில் 'துட்டு' ஆயிற்று. சொற்களும் காசைப் போலவே கைமாறித் தேய்ந்து வழங்குகின்றன.

சுவிட்சர்லாந்தில் 1850இல் பொது நாணயச் சட்டம் வருமுன் மண்டலந்தோறும் பாட்சன், ராப்பன் எனச் சில்லறைகள் தனித்தனியே அடிக்கப்பட்டன. அவற்றை மண்டலவாரியாகத் தேடித் தொகுப்போர் இன்றும் உளர். நம்மிடமும் கும்பினிக் காசு, தரங்கம்பாடி டேனியக் காசு, புதுக்கோட்டை அம்மன் காசு எனப் பல வகை உண்டு. ஆயினும் பொற்காசைப் பேணும் நாம் செப்புக்காசை எடைக்குப் போடுகின்றோம்.

காசு திரட்டுவோர்க்குச் சில சொல்வேன். புளியிட்டுத் தேய்த்தல் ஆகாது, எழுத்து மறையும். எடை, விட்டம், கிடைத்த ஊர், வைத்திருந்தோர் நினைவு ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். ஊர்ப்பெயர் இழந்த காசு பாதி வரலாற்றை இழந்ததாகும். மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடன்.

உ.வே.சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்ற ஊர்கள் நம் அரியலூரும் குன்னமும். செல்லுக்கும் தீக்கும் இரையாகவிருந்த ஏடுகளைத் தேடித் திரிந்து காத்த பெருந்தகை அவர். அம்மண்ணில் பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார், பாட்டிமாரின் சுருக்குப்பைகளையும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தல் நன்று. அவர்கள் இருக்கும்போதே, "இதை என்ன பேர் சொல்லி அழைத்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். காசு கிடைக்காவிடினும் ஒரு சொல் கிடைக்கும்.