பள்ளிச் சம்பளம்: வேடல் மலை முதல் அபர்டீன் பஜார் வரை

இக்கட்டுரையை எழுதும் நான் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1982-ல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடல் பார்த்து இங்கே வந்து இறங்கியவன். அபர்டீன் பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை. மாலை நேரத்தில் கல்வெட்டுப் புத்தகங்கள் படிப்பது பழக்கம். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் பழைய வாய் பழைய பெயரைத்தான் சொல்லுகிறது, பொறுத்தருள வேண்டும்.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் வந்துவிட்டால் கடைக்கு வரும் நம்மவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நயினாரே, பிள்ளையைக் கவர்மெண்ட்ல போடலாமா, பிரைவேட்ல போடலாமா? எவ்வளவு ஆகும்?" நோட்டு விற்கிறவனுக்கு எல்லாப் பள்ளியின் கணக்கும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எண்ணம். இந்தக் கேள்வி நேற்று வந்தது அன்று. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம்மிடம் இருப்பது. அதன் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் என் வீட்டுக் கணக்கையும் விரித்துக் காட்டுகிறேன்.

ஊர் போட்ட சோறு

'பள்ளி' என்ற சொல்லுக்குப் படுக்கை, உறைவிடம் என்று பொருள். சமண முனிவர்கள் குகைகளில் கற்படுக்கை வெட்டி உறைந்த இடங்கள் பள்ளிகள் ஆயின. அவர்களிடம் பாடம் கேட்கப் பிள்ளைகள் போய் அமர்ந்த இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்று அறிஞர் பலர் எழுதியுள்ளார்கள். எங்கள் சமயத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. கல்வியை விலைபேசும் பொருளாக வைக்காமல் சோற்றோடும் மருந்தோடும் சேர்த்து வைத்தார்கள்.

எங்கள் வந்தவாசிப் பகுதியில் வேடல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, ஏறத்தாழ கி.பி. 885. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரையும் அவருடைய 500 மாணவியரையும் அது குறிப்பிடுகிறது. குரவர் என்பதன் பெண்பால்தான் குரத்தியார். இந்த மாணவியருக்கும் வேறு 400 பெண் துறவியருக்கும் பிணக்கு வந்தபோது, அவ்விடத்தார் முன்வந்து, "குரத்தியாரையும் அவர் மாணவியரையும் நாங்கள் காத்து உணவளிப்போம்" என்ற கருத்தில் உறுதி எழுதிக் கொடுத்தார்கள். பெண்கள் படிக்க ஊர் செலவு செய்தது. தெற்கே கழுகுமலையிலும் குரத்தியர் பெயர்களும் மாணாக்கியர் பெயர்களும் கல்லில் உள்ளன.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. யார் யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று அவர் பட்டியல் தருகிறார். தன் மகன், தன் ஆசிரியன் மகன், அரசன் மகன் ஆகியோரை அடுத்து, நிறையப் பொருள் கொடுப்பவனையும் வைக்கிறார். பணிவிடை செய்பவனும் சொன்னதைப் பற்றிக்கொள்ளும் அறிவுள்ளவனும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். ஆக ஊர் போடும் சோறும் உண்டு, காசு கொடுப்பவனுக்கு இடமும் உண்டு. நம்மிடம் இரண்டு வழியும் அன்றே இருந்தன.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. இவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. (வீட்டில் படித்தவர்கள் இதில் முழுமையாகச் சேரவில்லை.) இந்த அறிக்கைகளைத் தரம்பால் 1983-ல் நூலாக வெளியிட்டபின்தான் என் போன்றவர்களுக்குத் தெரிய வந்தது.

அந்தப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றைய பேச்சில் பிரைவேட். திண்ணையில் வாத்தியார், எதிரே மணலில் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் நாலணா, ஆறணா, எட்டணா என்று சம்பளம். வாத்தியாருக்கு எல்லாம் சேர்த்து மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை என்றும், இந்த வருமானத்துக்குத் தகுதியுள்ளவர் வரமாட்டார் என்றும் மன்றோ எழுதினார். பெற்றோரின் வறுமையும் பிள்ளைகள் படிக்காமைக்கு ஒரு காரணம் என்று கண்டார். சம்பளத்தை ஏற்றினால் பிள்ளை நின்றுவிடும், ஏற்றாவிட்டால் வாத்தியார் நின்றுவிடுவார். இந்த முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை.

அவர் சொன்ன வழி, அரசே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது. மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். ஆனால் 1827-ல் அவர் காலராவில் இறந்துபோனார். திட்டம் தளர்ந்து, 1836-ல் கைவிடப்பட்டது.

சம்பளம் இல்லாவிட்டாலும் பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைப் பிறகு வந்தவர்கள் கண்டார்கள். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. காமராசர் 1956-ல் மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. வேடலில் ஊர் எழுதிக் கொடுத்த உறுதியைத்தான் அரசு எழுதிக் கொடுத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தீவுகளில் பள்ளி

இங்கே கதை வேறு. 1858-ல் கைதிகள் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் இது. திண்ணையும் இல்லை, திண்ணை வாத்தியாரும் இல்லை. நிக்கோபாரில் பள்ளியின் தொடக்கத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த கிறித்தவ உபதேசியார் வேதப்பன் சாலமன், 1890-களில் கார் நிக்கோபாருக்குப் போய் அங்குள்ள சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார். அவரிடம் படித்த ஒரு சிறுவன்தான் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் பிஷப் ஆகி, 1952-ல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் நியமன உறுப்பினராகப் போனவர். மாதம் எட்டணா கேட்டிருந்தால், தென்னையும் ஓடமுமே சொத்தான அந்தத் தீவில் யார் படித்திருப்பார்கள்?

விடுதலைக்குப் பின் கிழக்கு வங்காளத்தார், கேரளத்தார், ராஞ்சிக்காரர், தெலுங்கர், நாம் என்று எல்லாரும் வந்து சேர்ந்தோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. எங்கெங்கே குடியிருப்பு எழுந்ததோ அங்கங்கே அரசுப் பள்ளி எழுந்தது. ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு என்று பல பயிற்று மொழிகளையும் அரசுப் பள்ளிதான் தாங்கியது. 1967-ல் ஜவாகர்லால் நேரு அரசுக் கல்லூரி வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கச்சாலும் கார் நிக்கோபாரும் சிதைந்தபோது, கொட்டகை போட்டு மறுபடி மணியடித்ததும் அரசுப் பள்ளிதான். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் போர்ட் பிளேரைச் சுற்றியே உள்ளன. அது அவர்கள் குற்றம் இல்லை. சம்பளம் கட்ட ஆள் இருக்கும் இடத்தில்தானே நடத்த முடியும்.

2011 கணக்குப்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுவோர். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் கிடைத்தது கோவிலாலோ சங்கத்தாலோ மட்டும் அன்று; அரசுப் பள்ளியின் தமிழ் வகுப்பால். அந்த வகுப்புக்குப் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் வகுப்பே போகும்.

என் பேரேடு

இனி என் வீட்டுக் கணக்கு. எனக்கு ஒரு மகள், ஒரு மகன். 1993-ல் மகளை அரசுப் பள்ளித் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். மூன்று வருடம் கழித்து மகனைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன். மாதச் சம்பளம் 180 ரூபாய், வேன் தனி. கடைப் பேரேட்டின் பின்பக்கத்தில் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு எழுதி வந்தேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 2010-ல் கூட்டிப் பார்த்தால் அவன் பக்கம் 1,84,000 ரூபாய். மகள் பக்கம் 23,000. மகன் கணக்கில் பள்ளிச் சம்பளம் பாதிகூட இல்லை. மீதி வேன், சீருடை, டியூஷன், ஆண்டுவிழா என்று போனது.

இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். மகன் பெங்களூரில் என்ஜினீயர். மகள் இங்கே அரசுக் கல்லூரியில் படித்து வங்கியில் வேலை பார்க்கிறாள். ஆகவே எந்தப் பள்ளி உயர்ந்தது என்று என் பேரேடு தீர்ப்புச் சொல்லாது. மகன் நுனி நாக்கில் ஆங்கிலம் பேசுவான். ஆனால் என் தகப்பனார் ஊரிலிருந்து போட்ட கடிதங்களை அவனால் படிக்க முடியாது. அக்காள்தான் படித்துச் சொல்லுவாள்.

சில வருடங்களுக்கு முன் பொங்கல் விழாவில் வேடல் கல்வெட்டைப் பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மகள் பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

"ஐந்நூறு பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஊரே சோறு போட்டுச்சுன்னு பேசினீங்களே அப்பா, எனக்கு நூத்தி எண்பது ரூபா போட உங்களுக்கு மனசு வரலையா?"

நான் பதில் சொல்லவில்லை. "தமிழ் படிக்கணும்னுதானேம்மா அங்கே சேர்த்தேன்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய். தமிழ் மேல் அவ்வளவு பற்று இருந்திருந்தால் மகனையும் அங்கேதான் சேர்த்திருப்பேன். பெண்பிள்ளைதானே, செலவில்லாத இடத்தில் படிக்கட்டும் என்றுதான் அன்று நினைத்தேன். அரசுப் பள்ளி அவளுக்குச் செய்த நன்மை அந்த ஆசிரியர்களின் நன்மை. அதில் எனக்குப் பங்கு இல்லை. மன்றோ கணக்கின் 4,540 என்ற எண்ணைப் பார்த்து வருத்தப்பட்டு எழுதிய நான், என் பேரேட்டில் அதே கணக்கைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்

இப்போது கடையில் யாராவது கேட்டால் நாலு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, இந்த வருடச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை பதினாலு வருடம். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறினால் கடைசி வருடம் முதல் வருடத்தைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வரும். அதற்குத் தாங்குமா என்று பாருங்கள். பாதியில் இடம் மாற்றுவது பிள்ளைக்குத்தான் வலி.

இரண்டாவது, சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு வைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் தனியார் கட்டணத்தை வரையறுக்க 2009-ல் தனிச் சட்டம் வந்தது. அது மாநிலச் சட்டம், நமக்குப் பொருந்தாது. ஊரிலிருக்கும் அண்ணன் தம்பி சொல்வதை நம்பி இங்கே வாதாட வேண்டாம்.

மூன்றாவது, காசு கொடுக்காத இடத்தில் நமக்குப் பேச்சு இல்லை என்று எண்ணாதீர்கள். அதே சட்டப்படி அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையா, கணக்கு வாத்தியார் இடம் காலியா, அங்கே உட்கார்ந்து கேட்கலாம். சம்பளம் கட்டும் பள்ளியில் நாம் வாடிக்கையாளர். அரசுப் பள்ளியில் பங்காளி. பங்காளி வீட்டுப் பக்கமே போகாமல் வீடு ஒழுகுகிறது என்று குறை சொன்னால் எப்படி?

நாலாவது, எங்கே சேர்த்தாலும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு வையுங்கள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

என் மகள் தன் இரண்டு பிள்ளைகளையும், பையனையும் பெண்ணையும், ஒரே அரசுப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு முதலில் அவ்வளவாக விருப்பமில்லை. சேர்க்கும் முன் நாலு பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தாள். என் பழைய பேரேட்டையும் வாங்கிப் புரட்டினாள். இப்போது அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறாள். கூட்டத்துக்குப் போகும் நாளில் கடைக்கு வந்து ஒரு குயர் வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்வாள். அதற்கு நான் பில் போடுவதில்லை. பேரேட்டில் மட்டும் அவள் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.