கறுப்பர் நகரம்: கோடுகளும் தலைக்கணக்கும்

வார்டு, வட்டம், மண்டலம் என்பவை தரையில் தாமாக முளைத்தவை அல்ல. முதலில் காகிதத்தில் கோடு விழுகிறது. பிறகு அந்தக் கோட்டுக்குள் மனிதர்கள் வைக்கப்படுகிறார்கள், எண்ணப்படுகிறார்கள். சென்னையின் ஜார்ஜ் டவுன் இதற்கு நல்ல சாட்சி.

கோட்டைக்குள் இருந்த பகுதிக்கு ஆரம்பத்தில் கிறித்தவர் நகரம் என்று பெயர். 1700 வாக்கில் அது வெள்ளையர் நகரமாகிறது. வெளியே இருந்தது கறுப்பர் நகரம். அதாவது, மதத்தால் போட்ட கோடு நிறத்தால் போட்ட கோடாக மாறுகிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சண்டைகளின் காலத்தில், பீரங்கிக்கு மறைவாகிறது என்ற காரணத்தால், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமானது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில்தான். இதற்குள் வீடு கட்டாதே என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரமாயின. சுற்றி மதில் எழுப்பி அதற்கு வரியும் கேட்டது கம்பெனி; ஜனங்கள் கொடுக்கவில்லை. மதில் போய்விட்டது, வால்டாக்ஸ் ரோடு மட்டும் இருக்கிறது.

இதுவரை கதை வெள்ளை எதிர் கறுப்பு. நமது தேசியவாத வரலாறு இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதற்கு அது வசதி. ஆனால் கறுப்பர் நகரத்துக்குள்ளேயே இன்னொரு கோடு ஓடியது. 1707-இல் வலங்கை, இடங்கைச் சாதிகளிடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று மோதல். வலங்கையினர் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் தீர்வு: பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. சாதியைக் கம்பெனி கண்டுபிடித்தது என்று சொல்ல வரவில்லை. தெருவில் சண்டையாக, பேரமாக, மாறக்கூடியதாக இருந்ததை அது நிர்வாக எல்லையாக உறையவைத்தது. ஃபூக்கோ சொல்லும் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்கிறது: அடிப்பதைவிட இடம் ஒதுக்குவதில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பறையர்கள் வலங்கைக் கூட்டணியில் இருந்தார்கள். தெருச் சண்டையில் வலங்கைக்குக் கை பலம் அவர்கள்தான். குடியிருப்பு என்று வந்தபோது அவர்களுக்குத் தனியே பறச்சேரி. சண்டைக்கு ஒரே கை, வீட்டுக்கு வேற தெரு! எங்க இலுப்பூர்ப் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க வரைபடம் வேண்டியதில்லை. ஊர் வேற, சேரி வேற. தண்ணிக் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பார்த்தால் போதும். தலைநகரம் நவீனம், கிராமம் பழமை என்ற பிரிவினையே இங்கே ஆட்டம் காண்கிறது. கிராமத்தின் கோட்டைத் தலைநகரம் அழிக்கவில்லை, பதிவேட்டில் ஏற்றியது.

அப்புறம் எண்ணிக்கை வந்தது. 1871 கணக்கெடுப்பில் சென்னையில் 3,97,552 பேர். 1906-இல், இளவரசர் வந்துபோனதை ஒட்டி, கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது. இப்போது அது மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்துக்குள் அடக்கம். 2011-இல் நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 15 மண்டலம், 200 வார்டு. மதம், நிறம், ராஜா பெயர், கடைசியில் வெறும் நம்பர். நம்பருக்கு ஜாதி கிடையாது என்று நினைக்கத் தோன்றும்.

நம்பருக்குள் வராதவர்கள் யார்? கொத்தவால் சாவடிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. ஆனால் மூட்டை தூக்குபவர்களும் மீன்பாடி வண்டி மிதிப்பவர்களும் இந்தத் தெருக்களிலிருந்து போய்விடவில்லை. எங்க பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர்களின் ரேஷன் கார்டு ஊரிலேயே கிடக்கும். உழைப்பு ஒரு பட்டியலில், பெயர் இன்னொரு பட்டியலில். வீடற்றவர்களை எண்ணுவதற்குக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 என்று ஒரு ராத்திரி. பத்து வருஷத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் நடைபாதை ஜனத்தொகையாகிறது.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025-இல் அறிவித்தார்கள். எல்லாச் சாதியையும் எண்ணியது 1931-க்குப் பிறகு இல்லை. எண்ணட்டும், வேண்டும். எத்தனை பேர் என்பதோடு எந்தத் தெருவில், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து நாம் வாசித்தாக வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கணக்கு மட்டும் மிஞ்சும், கோடு அப்படியே கிடக்கும்.