கரண்டும் பாட்டிமாரின் கால்களும்

லயத்துப் படியில் விழுந்த பாட்டிமாரைக் கேட்டால், "வயசாச்சு, காலில் பலமில்லை" என்பார்கள். பலம் மட்டும் காரணமில்லை. பாதம் தரையை உணர்வதும், உள்காது தலையின் சாய்வை அறிவதும் வயதோடு மங்கிப்போகின்றன. இந்த மங்கலை மின்சாரத்தால் சரிசெய்யப் பார்ப்பவர்களின் கதை இது. வட்டகொடையில் விழாத பெரியவர் இல்லாத வீடு குறைவு என்பதால் எழுதுகிறேன்.

கரண்டு கம்பிக்கு முன்பே கரண்டு மீன் இருந்தது. முதலாம் நூற்றாண்டில் ரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கால் வலிக்காரரை உயிருள்ள மின்திருக்கையின் மேல் கால் மரத்துப்போகும்வரை நிற்கச் சொன்னார். 1200ஆம் ஆண்டளவில் எகிப்துக்குப் போன பக்தாத் வைத்தியர் அப்துல் லத்தீப், நைல் நதியின் மின்மீனைத் தொட்டவருக்கு வரும் நடுக்கத்தை எழுதிவைத்தார். அந்த மீனின் அரபுப் பெயரும் இடியைக் குறிக்கும் 'ரஃத்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை.

1800இல் வோல்டா தன் புதிய பற்றரியின் கம்பிகளை இரண்டு காதுகளிலும் செருகிக்கொண்டார். தலைக்குள் ஓர் அடி, பிறகு கூழ் கொதிப்பது போன்ற சத்தம். மறுபடி செய்ய அவருக்கே துணிவு வரவில்லை! சுமார் 20 ஆண்டுகள் கழித்துப் பர்கின்யே என்பவர், தலைவழியே மின்சாரம் பாய்ந்தால் ஆள் தள்ளாடுவதைப் பதிவு செய்தார்.

விழுத்தாட்டத் தெரிந்த மின்சாரம் நிமிர்த்தவும் செய்யுமா? 1961இல் அமெரிக்காவில் லிபர்சன், பாரிசவாதத்தால் பாதத்தை இழுத்து நடப்பவரின் சப்பாத்தில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் எழும்போது முழங்கால் அருகிலுள்ள நரம்புக்குக் கரண்ட் போகும், பாதம் மேலே தூக்கும்.

2002இல் பொஸ்டனில் நடந்தது இன்னும் நுட்பமானது. முதியவர்களின் முழங்காலில், அவர்களே உணராத அளவு மெல்லிய, ஒழுங்கற்ற மின் அதிர்வு கொடுத்தார்கள். நிற்கும்போது ஆட்டம் குறைந்தது. பீலித் தொட்டியில் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் தண்ணீரை லேசாக அலம்பினால் தளும்பி வெளியே வரும் அல்லவா? மங்கிய உணர்வையும் அந்த அதிர்வு அப்படித்தான் மூளைக்குத் தள்ளிவிடுகிறது. 2016இல் ஜப்பானில் காதுகளுக்குப் பின்னால் 30 நிமிடம் கொடுத்தபோது, பலன் சில மணி நேரம் நின்றது.

ஆனால் ஆய்வுகூடத்தில் ஆடாமல் நிற்பது வேறு, மழையில் நம் படிகளில் இறங்குவது வேறு. இதனால் விழுவது குறைகிறது என்று சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை. ஆகவே கடையில் விற்கும் கரண்ட் பட்டையை வாங்கிப் பாட்டிக்குக் கட்டிவிடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அது ஆபத்தாகலாம். சமநிலைப் பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிடித்துக்கொள்ள ஒரு கதிரை இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்.

உங்கள் லயத்தில் எத்தனை படிகளுக்குக் கைப்பிடி இருக்கிறது? எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள்.