உப்பு விளைந்த நிலத்தில் வாடகை விளைந்த கதை

“வெளியூரார் வந்து குவிந்தனர், வாடகை ஏறிற்று” என்று பேசுவோர் புதுவையில் உண்டு. “எல்லாம் அவரவர் தலையெழுத்து” என்று முடித்துவிடுவோரும் உண்டு. முன்னது அரை உண்மை. பின்னது முழுப் பொய். உப்பளத்தில் நின்று நகரின் வரலாற்றைப் புரட்டினால் இரண்டும் வெளுத்துவிடும்.

புதுவையின் நேர்த் தெருக்கள், 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரரின் வரைபட வழி வந்தவை. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகர். மேற்கே கறுப்பர் நகர். கறுப்பர் நகருக்குள்ளும் பார்ப்பனர்க்கு ஒரு தெரு, கோமுட்டிகளுக்கு ஒரு தெரு! உழைத்தோர்க்கோ ஊரின் ஓரம். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். மீண்டும் கட்டியபோது கோட்டை திரும்பவில்லை. தெருப் பிரிவினை மட்டும் தவறாமல் திரும்பிற்று.

தெற்கு ஓரத்து உப்பளம் பெயரிலேயே தன் தொழிலைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தொழிலையும் பிடுங்கினர். 1818ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஆண்டுக்கு 4,000 வராகன் பெற்றுக்கொண்டு பிரெஞ்சு ஆட்சி தன் நிலத்தில் உப்பு விளைவிப்பதை நிறுத்த ஒப்பியது. இரு வல்லரசுகள் கணக்கு முடித்தன; பாத்தி கட்டியவன் கூலியாளானான்.

1879இல் இருப்புப்பாதை வந்தது. 1898இல் ரோடியர் ஆலை எழுந்தது. சவானா ஆலை அதற்கும் மூத்தது. நூல் நூற்கச் சுற்றுவட்டச் சிற்றூர்களின் உழவர் பிள்ளைகள் வந்தனர். அவர்களை அந்நியர் என்போமா? புதுவையின் புகழ்பெற்ற மாளிகைக்கு உரியவரான ஆனந்தரங்கப் பிள்ளையே 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து இங்கு வந்தவர்தாம்! செல்வத்தோடு வாழ்ந்தால் சீமான், கூலிக்கு வந்தால் சுமை. இது என்ன நீதி?

வந்தவர் பெருகினர், நிலம் பெருகவில்லை. கிழக்கே கடல். மற்றத் திசைகளில் பிரெஞ்சுச் சிற்றூரும் ஆங்கிலச் சிற்றூரும் பின்னிக் கிடந்தன. ஆலைக்கு நடந்தே செல்லவேண்டிய தொழிலாளி தொலைவில் குடியிருக்க இயலாது. ஆகவே அருகிருந்த மனைக்காரன் சொன்னதே விலை. 1936 சூலை 30இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பன்னிருவரைப் பலிகொடுத்து, 1937இல் எட்டு மணி நேர வேலையைத் தொழிலாளர் வென்றனர். ஆலையில் வென்ற கூலியை வீட்டு வாசலில் இழக்கும் நிலையை அந்த வெற்றி மாற்றவில்லை. அப்போராட்டத் தலைவர் வ. சுப்பையா பெயர் தாங்கிய சாலையில்தான் தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. வந்திறங்குவோர் முதலில் மிதிப்பது அந்தச் சாலையை. முதலில் கேட்பது முன்பணம் எவ்வளவு என்பதை.

1954இல் ஆட்சி கைமாறியது. 1962இல் அது சட்டப்படி உறுதியானது. மருத்துவக் கல்லூரியும் ஆலைகளும் பல்கலைக்கழகமும் தோன்றின. 1961இல் புதுவை மாநில மக்கள் தொகை 3,69,079, 2011இல் 12,47,953. மூன்று மடங்குக்கும் மேல்! கடற்கரைப் பக்கத்து வீடுகள் பல விடுதிகளாயின. வார இறுதி விருந்தினர் ஓரிரவுக்குக் கொடுப்பதைக் குடியிருப்பவன் எங்ஙனம் கொடுப்பான்? அவன் ஒதுங்க, ஒதுங்கிய இடத்திலும் விலை ஏறிற்று.

இன்னொன்றை நம் பொருளாதார நூலோர் எழுதுவதில்லை. “என்ன சாதி? புலால் உண்பீரா?” என்ற கேள்விகள் வாடகை வீட்டு வாசலில் இன்றும் நிற்கின்றன. காலியான பத்து வீடுகளில் ஆறு இக்கேள்வியால் மூடப்பட்டால், எஞ்சிய நான்குக்கு எல்லோரும் மொய்ப்பர். நான்கின் வாடகையும் ஏறும். சாதி மானத்தை மட்டுமா தின்கிறது? மாதக் கூலியையும் தின்கிறது. போதாக்குறைக்கு வாஸ்து வேறு! கிழக்கு வாசலுக்குத் தனி விலையாம், கதிரவனுக்கும் தரகு!

1969இல் புதுவை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை வரையறுக்க வழி செய்தது. தமிழ்நாட்டில் 1970இல் கலைஞர் ஆட்சி குடிசை மாற்று வாரியம் கண்டது. வருவோரைத் தடுக்காமல் வீட்டைப் பெருக்கும் வழி அது. 2020இல் ரோடியர் ஆலை மூடப்பட்டது. வேலை தேடி வந்தவரே விலையேற்றத்திற்குக் காரணம் என்போரைக் கேட்கிறோம்: வேலை போன அந்த ஆண்டு, எந்த வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்தார்?